மணி அடிக்காத மாதம்



முழு ஆண்டுப் பரீட்சை முடிந்தது. பள்ளிக்கூடத்துக் கதவு சாத்தியாயிற்று. பத்து மாதமாக மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்து, மணி அடித்தால் வீடு திரும்பிய நம் பிள்ளைகளுக்கு இப்போது மணி இல்லை. காலையில் கண் விழித்ததும், "இன்றைக்கு என்ன செய்யலாம்?" என்று அவர்களே தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த மாதத்தைக் குறித்துத் தாய்மார்களோடு பேசினால் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் காதில் விழுகிறது: "சாமி, பள்ளிக்கூடம் எப்போது திறக்கும்?" வீட்டில் பிள்ளை இருப்பது பாரம் என்று அவர்கள் நினைப்பதில்லை. வெயிலில் சுற்றுவானே, கிணற்றில் இறங்குவானே, செல்போனை வைத்துக்கொண்டு மூலையில் முடங்குவானே என்ற பயமே அப்படிப் பேச வைக்கிறது. பயம் நியாயமானது. ஆனால் பயத்தோடு நின்றுவிட்டால் சர்வேசுரன் தந்த நல்ல கொடை ஒன்றை வீணாக்கிவிடுவோம்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். கட்டளைக்குக் கீழே இருக்கும்போது பிள்ளை எதைச் செய்யக்கூடும் என்பதைப் பள்ளிக்கூடம் நமக்குக் காட்டுகிறது. அவன் எதை நேசிக்கிறான் என்பதை விடுமுறை காட்டுகிறது. ஒருவரும் ஏவாதபோது அவன் கால் எங்கே போகிறதோ, கை எதை எடுக்கிறதோ, அங்கேதான் அவன் இருதயம் இருக்கிறது. ஆகையால் மதிப்பெண் பட்டியலை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறோமோ அவ்வளவு கவனமாக இந்த நாட்களையும் பார்க்க வேண்டும்.

நம் ஆண்டவருடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றிச் சுவிசேஷம் சொல்லுவது மிகவும் சொற்பம். அந்தச் சொற்பத்திலும் விவரமாகச் சொல்லப்படுவது ஒரு பயணம். பாஸ்குத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு உறவினரும் அயலாரும் கூட்டமாக நடந்து போவார்கள். சேசுநாதருக்கு 12 வயதானபோது நடந்ததை நீங்கள் அறிவீர்கள். திருவிழா முடிந்து திரும்புகையில், பிள்ளை கூட்டத்தில் எங்கேயோ வருகிறான் என்று எண்ணி மாதாவும் சூசையப்பரும் ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். உறவினரிடையே தேடினார்கள், காணவில்லை. திரும்பிப் போய் மூன்றாம் நாள் தேவாலயத்தில் கண்டார்கள். அங்கே அவர் சாஸ்திரிகள் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார்.

இதில் பெற்றோருக்கும் பாடம் உண்டு, பிள்ளைகளுக்கும் பாடம் உண்டு. உலகத்திலேயே உத்தமமான பெற்றோர்கூட, பிள்ளை யாரோடோ வருகிறான் என்று எண்ணியதால் மூன்று நாள் வியாகுலம் அனுபவித்தார்கள். மற்ற நம்மைக் குறித்துச் சொல்ல வேண்டுமா? "சித்தப்பா வீட்டில்தான் இருப்பான்," "பெரிய பையன்களோடு ஆற்றுக்குப் போயிருப்பான்" என்று சொல்லிக்கொண்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். கோடைதோறும் கிணற்றிலும், குளத்திலும், மணல் அள்ளிய ஆற்றுக் குழிகளிலும் எத்தனை பிள்ளைகள் போய்விடுகிறார்கள்! மேலே முழங்கால் தண்ணீர்போலத் தெரியும் இடத்துக்கு அடுத்த அடியிலேயே ஆளை மூடும் பள்ளம் இருக்கும். நீச்சல் நல்ல வித்தை, அதைக் கற்பியுங்கள். நம் முன்னோர் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கத்தான் கற்பித்தார்கள். பெரியவர் துணையின்றி எந்தப் பிள்ளையும் நீரில் இறங்கலாகாது. பிள்ளைகளே, தோழன் ஒருவன் மூழ்கினால் நீச்சல் தெரியாமல் பின்னால் குதிக்காதீர்கள். ஒருவனைக் காப்பாற்றப் போய் இருவர் போவது இப்படித்தான். கூச்சலிட்டு ஆளை அழையுங்கள், கயிறோ, கம்போ, சேலையோ எறியுங்கள், 108-க்குச் சொல்லியனுப்புங்கள். இதைக் கோயிலில் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதீர்கள். உயிர் தேவனுடையது, அதைக் காப்பதும் ஐந்தாம் கற்பனைக்கு உட்பட்டதே.

பிள்ளைகளுக்குரிய பாடம் வேறு. சேசுநாதர் அந்தப் பெரிய நகரத்தில் கடைவீதியில் வேடிக்கை பார்த்து நிற்கவில்லை. கேட்டார், கேள்வி கேட்டார். பயணம் போகிறவன் கேட்க வேண்டும். வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் போகிறோம். மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், மொட்டை போடுகிறோம், பொரி வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுகிறோம். பிள்ளை எதைப் பார்த்துத் திரும்பினான்? ஏலாக்குறிச்சிக்குப் போனால், அடைக்கல மாதாவை வணங்கியபின் பிள்ளையைச் சற்று உட்கார வைத்து, இத்தாலியில் 1680-ஆம் ஆண்டு பிறந்த ஒரு குரு இந்தச் செம்மண்ணில் வாழ்ந்து, நம் பாஷையைக் கற்று, அர்ச். சூசையப்பரைத் தலைவராக வைத்து 3,615 பாடல்களில் தேம்பாவணி என்னும் காவியத்தை இயற்றினார் என்று வீரமாமுனிவரைப் பற்றிச் சொல்லுங்கள். தமிழ்ப் பரீட்சைக்காக அந்தப் பெயரை மனப்பாடம் செய்த பையன், அவர் நடந்த மண்ணைத் தன் காலால் மிதித்தால் மறப்பானா? கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டால் மட்டும் போதாது. அருகிலுள்ள செண்பகனூரில் சேசு சபையார் 1895-ல் கல்லூரி நிறுவி, மலையின் செடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் சேர்த்து ஆராய்ந்த வரலாற்றைச் சொல்லுங்கள். ஒரு பூவை உற்றுப் பார்ப்பதும் அதைப் படைத்தவரைத் துதிப்பதே என்பதைப் பிள்ளை அறிந்துகொள்வான்.

செலவு செய்து ஊர் சுற்ற முடியாத குடும்பங்கள் நம்மில் அநேகம். அவர்கள் மனம் வருந்த வேண்டாம். பாட்டி வீடு போதும். பாட்டிக்குத் தெரிந்த கதை, தாத்தாவுக்குத் தெரிந்த மழைக்குறி, எந்த மரத்துக் காய் எப்போது பழுக்கும் என்ற அறிவு, இவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. போன ஊரில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிள்ளையை அனுப்புங்கள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை உண்டு. ஆண்டவருடைய நாளுக்கு விடுமுறை இல்லை.

அடுத்து, விளையாட்டையும் பொழுதுபோக்கையும் பற்றி ஒரு வார்த்தை. விளையாட்டு பாவமன்று, பிள்ளைக்கு அது ஆகாரம். நுங்கு தின்று, அந்தக் கூந்தலிரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு தெருவெல்லாம் வண்டி ஓட்டும் பையனைப் பாருங்கள். அவன் ஒரு காசும் செலவழிக்கவில்லை. ஆனால் தன் கையால் ஒன்றைச் செய்தான், நாலு பேரோடு ஓடினான், இரவில் படுத்தவுடன் தூங்கினான். பிள்ளையின் பொழுதுபோக்கை எடைபோட இந்த மூன்றும் போதும்: கை ஏதாவது செய்கிறதா? கூட யாராவது இருக்கிறார்களா? முடிந்தபின் மனம் அமைதியாக இருக்கிறதா? செல்போனில் ஐந்து மணி நேரம் விளையாடி எழுந்த பிள்ளையை இந்த மூன்று கேள்விகளும் கேளுங்கள். பதில் அவன் முகத்திலேயே தெரியும்.

கருவியை நான் பழிக்கவில்லை. 2006-ஆம் ஆண்டு தமது 15-ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த இத்தாலியச் சிறுவர் கார்லோ அகுதிஸ் கம்ப்யூட்டரில் மிகவும் தேர்ந்தவர். தேவ நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து உலகமெல்லாம் பார்க்கும்படி வலைத்தளமாக்கினார். அதே பிள்ளை, வீடியோ விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே வரம்பு கட்டிக்கொண்டார். மணி அடிக்காதபோது தனக்குத்தானே மணி அடித்துக்கொள்ளத் தெரிந்தவர் அவர்.

இனி, மனதைச் சற்று வருத்தக்கூடிய காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த விடுமுறை யாருக்கு? மோயீசன் வழியாகத் தேவன் ஓய்வுநாளைக் கட்டளையிட்டபோது, வீட்டுத் தலைவனுக்கு மட்டும் அதைக் கொடுக்கவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, வாசலில் வந்து தங்கிய அந்நியன், தொழுவத்து மாடு என்று ஒவ்வொருவரையும் எண்ணி எண்ணிச் சொல்லி, எல்லாருக்கும் ஓய்வு கொடுத்தார். அந்த வரிசையில் மகள் இருப்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் பையன் காலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் மாலையில்தான் வருகிறான். அவன் தங்கையோ பாத்திரம் துலக்கி, தண்ணீர் தூக்கி, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக விளையாட்டைப் பார்க்கிறாள். பள்ளிக்கூடம் இருந்தபோதாவது அவளுக்கு இடைவேளை மணி இருந்தது! வேலை செய்வது நல்லதுதான். ஆனால் இருவரும் வேலை செய்யட்டும், இருவரும் விளையாடட்டும்.

வறுமையினிமித்தம் பிள்ளைகளை மே மாதத்துக்கு மட்டும் என்று கடைக்கும் பட்டறைக்கும் அனுப்புகிறவர்களும் உண்டு. அந்தப் பெற்றோரை நான் கடிந்துகொள்ளேன். அவர்கள் அடுப்பை அவர்களே அறிவார்கள். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். மே மாதத்துக்கென்று போன பையன், கையில் கூலி பார்த்தபின் ஜூனில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பாமல் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டபின், 14 வயது நிறையாத பிள்ளையைக் கூலி வேலைக்கு அமர்த்தலாகாது. பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும், சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில் கூடமாட உதவலாம், அவ்வளவே. 14 வயதுக்கு மேல் 18 வரை உள்ளவர்களையும் சுரங்கம், வெடிமருந்து போன்ற ஆபத்தான தொழில்களில் சேர்க்கலாகாது. நோட்டுப் புத்தகமும் சீருடையும் வாங்கவே பிள்ளையை வேலைக்கு அனுப்ப நேர்ந்தால், அனுப்புமுன் கோயிலுக்கு வந்து சொல்லுங்கள். வின்சென்ட் தே பவுல் சபை அதற்காகத்தானே இருக்கிறது? 1833-ல் பாரிஸ் நகரத்தில் அதைத் தொடங்கியவர்களில் முதன்மையான பிரெதரிக் ஓசானாம் அப்போது 20 வயது மாணவர் என்பதை நம் வாலிபர்கள் மறக்க வேண்டாம்.

அந்தச் சபையில் சேர்ந்திருந்த இன்னொரு மாணவரைச் சொல்லி முடிக்கிறேன். அர்ச். பியர் ஜார்ஜோ பிரஸ்ஸாத்தி 1901-ல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தார். தகப்பனார் பெரிய பத்திரிகை அதிபர். வீட்டில் ஐசுவரியத்துக்குக் குறைவில்லை. பள்ளியில் இலத்தீன் பாடத்தில் தவறியவர் அவர். நம் பிள்ளைகள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம். பின்பு சுரங்கப் பொறியியல் படித்தார். சுரங்கத் தொழிலாளரிடையே உழைக்க வேண்டுமென்பதே நோக்கம். விடுமுறை வந்தால் தோழர்களோடு ஆல்ப்ஸ் மலையேறுவார், பனியில் சறுக்குவார், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். வழியில் செபமாலையும் சொல்லுவார். தமக்குக் கிடைத்த கைச்செலவுப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு வருவார். 1925-ஆம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, 24-ஆம் வயதில், இளம்பிள்ளைவாத நோயால் இறந்தார். சாவுக்கு முந்திய நாள், அசையாத கையால் கிறுக்கியதுபோல எழுதிய சீட்டில் அவர் கேட்டது, ஓர் ஏழை நோயாளிக்கு மருந்து சேர்ப்பிக்கும்படிதான். அடக்கத்தன்று தெருவெல்லாம் ஏழைகள் திரண்டதைக் கண்ட பிறகே, மகன் எங்கெல்லாம் போய்வந்தான் என்பதை வீட்டார் அறிந்தார்கள். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1990-ல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2025 செப்டம்பர் 7-ந் தேதி பாப்பரசர் பதினான்காம் சிங்கராயர் அவரையும் கார்லோ அகுதிஸையும் ஒரே நாளில் அர்ச்சியசிஷ்டர்களாகப் பிரகடனம் செய்தார்.

பெற்றோரே, "என் பிள்ளை எங்கே போகிறான்?" என்று அறியாதிருந்த அந்த வீட்டார் கடைசியில் கண்டது சந்தோஷமான ஆச்சரியம். நம் பிள்ளைகள் போகுமிடமும் ஒருநாள் வெளிப்படும். அது அப்படியே சந்தோஷமாக இருக்க இப்போதே வழி செய்யுங்கள்.

இந்த மே மாதம் தேவமாதாவின் மாதம். ஒவ்வொரு குடும்பமும் மூன்றே காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். இரவில் செல்போன்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு எல்லாரும் கூடிச் செபமாலை சொல்லுங்கள். மகளுக்கும் மகனுக்கும் வேலையையும் விளையாட்டையும் சமமாகப் பங்கிடுங்கள். நீங்கள் பயணமோ பாட்டி வீடோ போகும்போது, போக வழியில்லாத அடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்றையும் அதன் பெற்றோர் சம்மதத்தோடு கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பிள்ளைக்குக் கூடுதலாக ஆகும் செலவு அதிகமில்லை. அந்தப் பிள்ளைக்கோ அது ஆயுள் முழுவதும் நினைவிருக்கும் கோடையாகும்.

பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் காணப்பட்ட சேசு பாலன் தம் பெற்றோரோடு நாசரேத்துக்குத் திரும்பி, கீழ்ப்படிந்து, ஞானத்திலும் வயதிலும் கிருபையிலும் வளர்ந்தார். நம் பிள்ளைகள் ஜூன் மாதத்தில் ஓர் அங்குலம் உயரமாகப் பள்ளிக்கூடம் திரும்புவார்கள். அவர்கள் ஆத்துமமும் அப்படியே வளர்ந்து திரும்பும்படி திருக்குடும்பம் நம் குடும்பங்களுக்காக மன்றாடுவதாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு