அடங்க வேண்டியது யார்?

மனத்தைப் பழக்குவதற்குக் குதிரையைப் பழக்குவதை உவமையாகச் சொல்வது இந்தியச் சமய நூல்கள் பலவற்றில் காணப்படும் வழக்கம். கட உபநிடதத்தில் உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாள வார், புத்தி தேரோட்டி. இந்த உவமைக்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. அடங்காமை குதிரையின் குற்றமா, அதை நடத்துபவரின் குற்றமா?

அங்குத்தர நிகாயத்தில் கேசி என்னும் குதிரைப் பயிற்சியாளனிடம் புத்தர் அவன் தொழில்முறையைக் கேட்கிறார். சில குதிரைகளை மென்மையாலும், சிலவற்றைக் கடுமையாலும், சிலவற்றை இரண்டாலும் பழக்குவதாகக் கேசி சொல்கிறான். எதற்கும் அடங்காததைக் கொன்றுவிடுவான். இல்லையேல் தன் ஆசான் மரபுக்கு இழுக்கு என்பது அவன் நியாயம். புத்தரும் மனிதரை அந்த மூன்று வழிகளிலேயே பழக்குவதாகக் கூறுகிறார். அடங்காதவருக்கு அறிவுரை சொல்வதை நிறுத்திவிடுவதே அவர் நெறியில் கொலை. உயிர் தப்புகிறது. ஆனாலும் அடங்காமை கற்பவரின் குறையாகவே நிற்கிறது.

திருமூலர் இதைத் திருப்பிப் போடுகிறார். திருமந்திரத்தில் மூச்சே குதிரை. மெய்யானவருக்கு அது பிடி கொடுக்கும். பொய்யரைத் துள்ளிக் கீழே தள்ளும். இங்கே சோதிக்கப்படுவது ஏறி இருப்பவர்.

சவாரிப் பள்ளிகளின் அனுபவம் திருமூலர் பக்கமே நிற்கிறது. குதிரை இரையாகப் பிறந்த விலங்கு. தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஐயம் வந்தால் ஓடும். ஈ உட்கார்ந்தாலும் உணரும் தோலுக்கு, முதுகில் இருப்பவரின் தொடை இறுக்கம் தெரியாமல் போகாது. புதியவர் பயத்தில் மூச்சைப் பிடிக்கிறார், கால்களை இறுக்குகிறார், வாரையும் இழுக்கிறார். கால் போகச் சொல்கிறது, கை நிற்கச் சொல்கிறது. அந்தக் குழப்பத்தில் குதிரை துள்ளினால் அதற்கு முரட்டுக் குதிரை என்று பெயர். நல்ல ஆசான் முதலில் மூச்சை வெளியே விடச் சொல்வார். நீளக் கயிற்றில் வட்டமாக நடக்கும் முதிர்ந்த குதிரைமேல், வாரைக் கையில் கொடுக்காமலே ஏற்றி உட்காரப் பழக்குவார். இளங்குதிரைமேல் அனுபவசாலிதான் ஏறுவார்.

குட்டிக்கும் இதே பொறுமை வேண்டும். ஏறத்தாழ மூன்று வயதுக்குப் பிறகே ஆளைச் சுமக்கப் பழக்குவது நல்லது. கயிற்றின் இழுப்பு குட்டிக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. அது சரியாக அசைந்த நொடியில் இழுப்பைத் தளர்த்துவதுதான் கற்றுத் தருகிறது. அந்த நொடியைத் தவறவிட்டவர் சவுக்கைத் தேடுகிறார்.

இந்த அறிவு இல்லாமல் குதிரை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாண்டிய நாடே சான்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் பேணத் தெரிந்த ஆளின்றி மடிந்ததாக எழுதினார். திருவிளையாடற் புராணத்தில் குதிரை வணிகனாக வரும் சிவன், பரிகளைக் கொடுப்பதோடு அவற்றின் இலக்கணத்தையும் பாண்டியனுக்கு எடுத்துரைப்பது பொருத்தமான கற்பனை.

பட்டாசுத் தொழில் நடக்கும் தாயில்பட்டி என்னும் ஊர் இருக்கும் விருதுநகர்க் கரிசல் நாட்டில் அய்யனார் குதிரையேறி ஊர்க்காவல் சுற்றுகிறார் என்பது நம்பிக்கை. இரவுக் காவலுக்கு மிரளும் குதிரை உதவாது. அந்தப் பட்டாசு ஊரில் ஒரு குட்டியைப் பழக்குவதென்றால் வெடிச்சத்தமே முதல் பாடம். தொலைவில் சிறிதாகத் தொடங்கி, மிரட்சி தணிந்த பிறகே சத்தத்தை அருகே கொண்டுவர வேண்டும். திரி எரியும்போதே ஏறியிருப்பவர் உடலை இறுக்கினால், குதிரை சத்தத்துக்கு முன்பே அஞ்சக் கற்றுக்கொள்ளும்.

ஆகவே கேசியின் நான்காம் வழிக்கு நியாயம் இல்லை. குதிரை அடங்காமல் போனால் இழுக்கு அவன் மரபுக்குத்தான். அந்த இழுக்கைத் தீர்க்கக் குதிரை உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை.