கை அறியுமா?

சைவ சித்தாந்தம் எண்ணும் 36 தத்துவங்களில் மெய் ஞானேந்திரியம், கை கன்மேந்திரியம். அதாவது தோல் அறியும், கை செய்யும். சாங்கியமும் இப்படித்தான் பிரிக்கிறது. இந்தப் பிரிவினைக்குத் துணி எடுக்கும் ரோபோ நல்ல உரைகல். இரும்புத் தகட்டை எடுக்க அது இருக்கும் இடம் தெரிந்தால் போதும்; துணியோ தொட்டவுடன் உருமாறிவிடும். 2010-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் ஒரு ரோபோவுக்குத் துண்டு மடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கேமராவால் மூலைகளைத் தேடித் தேடி, சரியாகத்தான் மடித்தது. ஆனால் ஒரு துண்டுக்குச் சராசரியாக 20 நிமிடத்துக்கும் மேல் பிடித்தது.

அடுக்கிலிருந்து ஒரே ஒரு துணியை எடுப்பது இன்னும் சிக்கல். காற்றால் உறிஞ்சினால், நெய்த இழைகளின் இடைவெளி வழியே உறிஞ்சல் கீழே இறங்கி அடுத்த துணியும் சேர்ந்து வரும். ஊசியால் குத்தி எடுத்தால் மெல்லிய துணியில் தடம் விழலாம். நாம் என்ன செய்கிறோம்? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாகத் தேய்க்கிறோம். இரண்டு துணி வந்திருந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். உடனே ஒன்றை நழுவ விடுகிறோம். தேய்க்காமல் அந்த வழுக்கல் தெரியாது. செயல்தான் இங்கே அறிவைத் தருகிறது. அறிவு வரும்வரை செயல் காத்திருப்பதில்லை. உறுப்பு வேறு, அதில் நிற்கும் இந்திரியம் வேறு; ஒரே விரலில் இரண்டு இந்திரியங்கள் இருக்கலாமே என்று சித்தாந்தி கேட்பார். நியாயமான கேள்வி. எண்ணிக்கைக்காக இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நின்றுவிடுகிறதே!

விரல் செய்வது வெறும் பழக்கம், அறிவல்ல என்பது அடுத்த மறுப்பு. பழக்கம் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்காது. விரல் கண்டுபிடித்துத் திருத்துகிறது. அறிவுக்கு இதைவிடக் கடுமையான சோதனை நாம் வாய்ச்சொல்லுக்குக்கூட வைப்பதில்லை. ரோபோ முழு டி-ஷர்ட்டே தைத்துவிட்டதே என்றால், ஆம், 2016-இல் அமெரிக்காவின் சோபோ ரோபோ தைத்தது. ஆனால் நீரில் கரையும் பாலிமரில் துணியை முதலில் நனைத்து, அட்டைபோல விறைக்க வைத்தார்கள். தைத்த பிறகு அலசினார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அங்கே கை துணியைக் கற்கவில்லை, துணி தகடாக்கப்பட்டது. நாளைக்கே தொடுவுணர்வுள்ள விரலோடு ரோபோ வந்தாலும் என் வாதம் கெடாது. அறியும் கையைச் செய்தால்தான் வேலை நடக்கும் என்றே ஆகும்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் சம்பள ஒப்பந்தத்தில், துணியைக் கையால் மடித்துக்கொடுக்கும் கைமடிப்பவரின் கூலி டெய்லருக்குக் கீழே நிற்கிறது. அந்த வரிசைக்கு வேறு காரணம் சொல்லுங்கள், கேட்கலாம். அறிவு தேவைப்படாத வேலை என்ற காரணம் மட்டும் செல்லாது.