சிறு வீட்டின் முதற் கல்

ஒரு வேலையை முடித்தவனுக்கு அடுத்த வேலையைத் தொடங்குவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? கவிதை எழுதுவோரும் கதை எழுதுவோரும் இக்கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். 'கரு கிடைக்கவில்லை', 'மனம் கூடி வரவில்லை' என்று அவர்கள் சொல்லும்போது நாம் மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறோம். பொம்மை வீடு செய்கிற ஒருவன் இதையே சொன்னால் சிரிப்பு வரும். அட்டையும் ஈர்க்கும் பசையுமாக விளையாடுகிறவனுக்குக் கரு எதற்கு என்று தோன்றும். நான் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவன். தலைமன்னாரில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தல் சாதனமாகச் செய்து பழகிய கைவேலை இத்தனை வருடங்களாகியும் என்னை விட்டுப் போகவில்லை. சிறு வீடுகள் செய்வது என் வழக்கம். அந்தச் சின்ன வேலையை வைத்துக்கொண்டு, தொடக்கம் என்பது எங்கிருந்து வருகிறது என்று இங்கே யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

பொம்மை வீடு என்றதும் அது வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் பொருள் என்று நினைத்துவிடுகிறோம். நமது மொழியில் அதற்கு மிகப் பழைய பெயர் ஒன்று உண்டு: சிற்றில். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்பிள்ளைகள் கடற்கரை மணலில் சிற்றில் கட்டுகிறார்கள், சிறுசோறு சமைக்கிறார்கள். பின்னால் வந்த பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு பருவமாகவே ஆகிவிட்டது. 'எங்கள் சிறு வீட்டை உன் காலால் சிதைத்துவிடாதே' என்று சிறுமியர் ஆண் குழந்தையிடம் கெஞ்சுகின்ற பருவம் அது. முஸ்லிம் புலவர்களும் பெருமானார் (ஸல்) மீது பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். ஆகவே மணல் வீட்டுக்கு நமது இலக்கியத்தில் ஓர் இடம் எப்போதோ ஒதுக்கப்பட்டாயிற்று. எங்கள் கரையில் இன்றும் பிள்ளைகள் சிரட்டையில் மண்சோறு ஆக்கி விளையாடுவதைப் பார்க்கலாம்.

மார்க்கத்தின் பக்கமிருந்து வருகின்ற தயக்கமும் ஒன்று உண்டு. உருவம் செய்யலாமா என்ற கேள்வி நமது வீடுகளில் அடிக்கடி எழுவது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தோழியரோடு பொம்மை வைத்து விளையாடியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கின்றன. அபூதாவூதில் வருகின்ற நிகழ்ச்சி இன்னும் அழகானது. காற்றில் திரை விலகுகிறது. பொம்மைகளின் நடுவே துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று தெரிகிறது. குதிரைக்கு இறக்கையா என்று நபிகளார் (ஸல்) கேட்கிறார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வருகிறது. அதைக் கேட்டு அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். சிறுவர் விளையாட்டுப் பொம்மைக்கு அறிஞர் பலர் இடம் கொடுத்ததற்கு இது ஓர் ஆதாரம். உயிருள்ள உருவம் ஏதுமற்ற வெறும் வீட்டுக்கோ கருத்து வேறுபாடே இல்லை. அந்தக் குதிரையில் எனக்குப் பிடித்த விடயம் வேறொன்று. அதைச் செய்த கை, கண்ணால் கண்டதை மட்டும் செய்யவில்லை. கேட்ட கதை ஒன்றுக்குத் துணியால் வடிவம் கொடுத்தது.

சிறு வீடு செய்யத் தூண்டுவது எது? வரலாற்றில் பார்த்தால் எனக்கு மூன்று ஊற்றுகள் தெரிகின்றன.

முதலாவது, இருப்பதைக் காட்டுகின்ற ஆசை. இங்கிலாந்தில் 1921 முதல் 1924 வரை மேரி ராணிக்காக ஒரு பொம்மை வீடு செய்தார்கள். திட்டமிட்டவர் எட்வின் லட்யன்ஸ், புதுடில்லியை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பது அளவு. குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், லிப்ட் ஏறி இறங்கும். நூலகத்தில் அக்கால எழுத்தாளர்கள் கைப்பட எழுதிக் கொடுத்த விரலளவுப் புத்தகங்கள் இருக்கின்றன. இன்று அது வின்ட்சர் கோட்டையில் காட்சிக்கு இருக்கிறது. அதன் வேலைப்பாட்டைப் பற்றி வாசித்தால் வாய் பிளக்கும். ஆனால் அந்த வீட்டில் யாரும் எதையும் இழக்கவில்லை.

இரண்டாவது, உண்மையை அறிகின்ற தேவை. அமெரிக்காவில் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண்மணி 1940களில் இதே அளவில் சிறு அறைகள் செய்தார். ஒவ்வொன்றும் ஒரு மரணம் நிகழ்ந்த இடம். விபத்தா, தற்கொலையா, கொலையா என்று பொலிஸார் அறையைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். நாட்காட்டியின் திகதி, திறந்து கிடக்கும் யன்னல், அடுப்பின் மேல் பாத்திரம் என எதுவும் அங்கே அலங்காரத்துக்காக வைக்கப்படவில்லை. சிறிதாகச் செய்கிறவன் கவனமாகப் பார்க்கக் கடமைப்பட்டவன் என்பதை அந்தப் பெண்மணி காட்டிவிட்டார்.

மூன்றாவது, இழப்பு. டமஸ்கஸில் பிறந்த முஹம்மத் ஹாபிஸ் கட்டடக்கலை படிக்க அமெரிக்கா போனவர். ஊருக்குப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லாத விசா. போக முடியாத ஊரின் தெருக்களை அவர் சிறிதாகச் செய்யத் தொடங்கினார். 2017 இல் அஹ்மத் பத்ர் என்ற ஈராக்கிய இளைஞரோடு சேர்ந்து, அகதிகளின் கதைகளைக் கேட்டு, அவர்கள் விட்டு வந்த அறைகளைப் பழைய பயணப் பெட்டிகளுக்குள் அமைத்தார். ஜோர்தானின் ஸஅத்தரி முகாமில் மஹ்மூத் ஹரீரி என்ற சிரிய ஓவிய ஆசிரியர், களிமண்ணையும் கெபாப் குத்துகின்ற மரக் குச்சிகளையும் கொண்டு பல்மைராவின் பழைய நகரத்தைச் செய்தார். அந்த நகரத்தின் கோயில்கள் 2015 இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டவை. பல்மைரா என்ற அதே பெயரைத்தான் ஆங்கிலத்தில் எங்கள் பனைக்கும் வைத்திருக்கிறார்கள். பனைத் தீவில் வாழ்கின்ற ஓர் ஆசிரியனுக்கு இந்தச் செய்தி தூரத்துச் செய்தியாகத் தெரியவில்லை.

ஏனெனில் எங்களிடமும் விட்டு வந்த வீடுகள் உண்டு. 1990 அக்டோபரின் கடைசி நாட்களில் வட மாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், தமது ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு சிலர் திரும்பி வந்தோம், பலர் வரவில்லை.

நான் முதலில் செய்தவை மகிழ்ச்சியில் பிறந்தவை. 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் புகையிரதம் மறுபடி ஓடத் தொடங்கியபோது, மாணவர்களோடு சேர்ந்து பழைய நிலையத்தையும் வெளிச்ச வீட்டையும் பிரிஸ்டல் போர்டில் செய்தேன். 1914 இல் தனுஷ்கோடிக்கும் இங்கேயும் கப்பல் ஓடத் தொடங்கியது, 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பிறகு இராமேஸ்வரத்திலிருந்து வந்த கப்பல் 1984 இல் நின்றது என்று வரலாற்றுப் பாடமும் அதனுள் நடந்தது. செய்து முடித்தோம். பாராட்டினார்கள். பிறகு என் மேசையில் வெறும் பலகை ஒன்று மாதக்கணக்கில் கிடந்தது.

அந்த மாதங்களில் நான் சும்மா இருக்கவில்லை. பிறர் செய்த அழகான வீடுகளின் படங்களைப் பார்த்தேன். பொருட்களைச் சேர்த்தேன். ஈர்க்கு, பனஞ்சிராய், கிழிந்த பாய்த் துண்டு, மருந்துப் போத்தல் மூடி எல்லாம் பெட்டியில் நிறைந்தன. ஆசை கூடியது, வேலை தொடங்கவில்லை. ஆசை என்பதும் தொடக்கம் என்பதும் வெவ்வேறு என்று அப்போதுதான் விளங்கியது.

இங்கே நமது ஃபிக்ஹு நூல்கள் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சொல்லித் தருகின்றன. ஷாபிஈ மத்ஹபில் நிய்யத் என்பதற்கான வரைவிலக்கணம், ஒரு செயலை அதன் செய்கையோடு சேர்த்து நாடுவது என்பதாகும். வுழூவில் முகத்தில் தண்ணீர் படும்போது நிய்யத் இருக்க வேண்டும். தொழுகையில் முதல் தக்பீரோடு இருக்க வேண்டும். செயலுக்கு முன்னால் மனதில் கிடக்கின்ற நாட்டத்துக்கு அஸ்ம் என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். மத்ரஸாவில் சிறு வயதில் ஓதிய இந்தப் பாடத்தின் ஆழம் எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகே பிடிபட்டது. உந்துதல் வரட்டும், பிறகு கையை வைப்போம் என்று காத்திருக்கிறவனிடம் இருப்பது அஸ்ம். அது நல்லதுதான், ஆனால் அதைக் கொண்டு எந்தத் தொழுகையும் தொடங்குவதில்லை. முகத்தில் தண்ணீர் பட்டாக வேண்டும்.

எனக்குத் தண்ணீர் பட்டது ஒரு மூதாட்டியின் பேச்சால். எங்கள் ஊர்க்காரர், உறவுமுறையில் எனக்கு மாமி. "மகன், ரெயில் ஸ்டேசனெல்லாம் செய்றியாம். என்ட குசினியச் செஞ்சு தருவியா?" என்று கேட்டார். வீடு வேண்டாம், குசினி மட்டும் போதும் என்றார். அந்த வீடு இப்போது இல்லை. உடைமரம் மூடிய வளவில் அத்திவாரம் மட்டும் கிடக்கிறது. அளவு நாடாவோடு போய் அளந்தேன். சிறு வயதில் அந்த வீட்டு முற்றத்தில் விளையாடியவன் நான். என் நினைவில் அது ஒரு மாளிகை. நாடா காட்டியது பதினெட்டு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். குசினி அதில் ஒரு மூலை.

நினைவு வீட்டைப் பெரிதாக்கி வைத்திருந்தது, நான் சிறியவனாக இருந்தபோது அதைப் பார்த்ததால். துயரமும் அப்படித்தான் பெருத்து நிற்கிறது. சிறு வீடு செய்கிறவன் அதைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டியிருக்கிறது. சுருக்குவதற்குச் சரியான அளவு தெரிய வேண்டும். இங்கேதான் அறக்கேள்வி எழுகிறது: சிறிதாக்குவது சிறுமைப்படுத்துவதாகாதா? ஒரு சனத்தின் இழப்பை விளையாட்டுச் சாமானாக மாற்றிவிடுகிறோமா?

மாமியின் மகன் இதை நேராகவே கேட்டார். புத்தளத்தில் குடும்பமாகிவிட்டவர். "மாஸ்டர், நீங்க இதச் செஞ்சு குடுத்தா உம்மா அதப் பாத்துக்கிட்டே இருந்திருவாங்க. அந்தக் காணிப் பத்திரத்துக்கு அலையிறத நான் விட்டிருவன். எல்லாருக்கும் லேசாப் போயிரும்" என்றார். இலேசாகத் தள்ளிவிடக்கூடிய வார்த்தையல்ல இது. ஆறுதல் சில வேளை நீதியின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அழகான ஞாபகச் சின்னம் ஒன்று கையில் கிடைத்தால், கேட்க வேண்டியதைக் கேட்காமலே இருந்துவிடலாம். நமது நினைவுகூரல் கூட்டங்கள் பலவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஆனால் வேலை நடந்தபோது நான் கண்டது வேறு. அடுப்பை வடமூலையில் வைத்தேன். மாமி பார்த்துவிட்டு, "அடுப்பு அந்தப் பக்கமில்ல மகன். அதுல வெச்சா சோளகக் காத்துக்குப் புகையெல்லாம் வீட்டுக்குள்ளதான் வரும்" என்றார். அடுப்பு இடம் மாறியது. பிறகு உறி தொங்கிய வளை, அம்மி, மீன் கழுவுகிற கல், தண்ணீர்க் குடம் என்று ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் வேலியைக் கேட்டார். குசினிக்கு ஏன் வேலி என்றேன். வேலியில் ஒரு பொட்டு இருந்ததாம். அடுத்த வளவு கத்தோலிக்கக் குடும்பம். அந்தப் பொட்டுக்குள்ளால் கறிக் கோப்பை போகும், வரும். நோன்புக் கஞ்சி அந்தப் பக்கம் போகும். நத்தார்ப் பலகாரம் இந்தப் பக்கம் வரும். பொட்டு இல்லாவிட்டால் அது தன் குசினி இல்லை என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த மகனுக்கு அந்தப் பொட்டு தெரியாது. வெளியேறியபோது அவர் கைக்குழந்தை. அன்று அவர் தன் தாயிடம் எல்லை எதுவரை, கிணறு யாருடைய பங்கு, பனை எத்தனை என்று கேட்கத் தொடங்கினார். நான் பேசாமல் ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தேன். பொம்மைக் குசினி அவரை உறங்க வைக்கவில்லை. கேள்வி கேட்க வைத்தது. இதனால் அவருடைய அச்சம் பிழையென்று நான் சொல்ல வரவில்லை. சிறு வீடு பொய் சொன்னால் அந்த அச்சம் மெய்யாகிவிடும். ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: தெரியாத பகுதியைக் கற்பனையால் நிரப்புவதில்லை. மாமிக்கு நினைவில்லாத கிழக்குச் சுவரை நான் கட்டவில்லை. அந்தப் பக்கம் திறந்தே கிடக்கிறது. சிறிதாக்குவதால் யாரும் சிறுமைப்படுவதில்லை. உள்ளதைவிட அழகாக்கினால்தான் சிறுமை வந்து சேர்கிறது.

இப்போது முதற் கேள்விக்கு வரலாம். புதிய வேலைக்கான உந்துதல் எங்கிருந்து வருகிறது? நிறையப் பார்ப்பதாலும் நிறையச் சேர்ப்பதாலும் ஆசை வரும். அதற்குமேல் யாருக்கோ எதையோ திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற உணர்வு வேண்டும். அந்தக் கடன் குறிப்பானதாக இருக்க வேண்டும். 'ஊரைச் செய்யப் போகிறேன்' என்று நினைத்திருந்தால் என் பலகை இன்றும் வெறுமையாகவே கிடக்கும். இன்னாருடைய குசினி, அதில் இந்த அடுப்பு என்றபோது கை அசைந்தது. அந்தக் கடன் நம் தகுதிக்கு மேற்பட்டது என்று தயங்கவும் வேண்டியதில்லை. மறுமை நாள் வந்துவிட்ட போதிலும் கையில் இருக்கும் கன்றை நட்டுவிடச் சொன்ன மார்க்கம் இது.

எழுத்தாளர்களுக்கும் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. நம்மில் பலர் 1990 ஐப் பற்றிப் பெரிய நாவல் ஒன்று எழுத வேண்டும் என்று முப்பது வருடங்களுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது அஸ்ம். நினைவோடு இருக்கின்ற உம்மாமார் வருடத்துக்கு வருடம் குறைந்து போகிறார்கள். ஒரு குசினியை, ஒரு வேலிப் பொட்டை, ஒரு கறிக் கோப்பையை எழுதினால் போதும். அடுப்புக்கு மூன்று கல் வேண்டும். மூன்றும் எங்கே என்று தெரிந்த பிறகு தொடங்கலாம் என்று இருந்தால் தொடங்கவே முடியாது. ஒரு கல்லைப் பிழையான இடத்திலாவது வைத்தால், மற்ற இரண்டும் எங்கே என்று சொல்ல யாரோ ஒருவர் வாய் திறப்பார்.