ஓய்வும் கைவிடலும்

உழைத்துத் தேய்வது, ஓய்ந்து துருப்பிடிப்பதினும் மேலானது என்னும் அறிவுரையைப் பள்ளிச் சபைகூடலிலும் பணி ஓய்வு விழாக்களிலும் கேட்டுப் பழகியிருக்கிறோம். மாணவர் கட்டுரைகளிலும் அது தவறாமல் இடம்பெறும். ஆயினும், துருவுக்குக் காரணம் ஓய்வுதானா என்று நாம் ஆராய்ந்து பார்த்ததுண்டா?

ஜொகூர் மாநிலத்து மாசாய், ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். அண்டையிலுள்ள பாசிர் கூடாங்கில் 1977இல் துறைமுகம் செயற்படத் தொடங்கியபின் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் பெருகின. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் பல உருமாறின. நிலம் மாறியதும், உரமூட்டைகளையும் செம்பனைக் குலைகளையும் இழுத்துச் சென்ற டிராக்டருக்கு வேலை இல்லாமற் போகிறது. அது கொட்டகையோரத்தில் நிறுத்தப்படுகிறது, கொடி படர்கிறது, ஆண்டுகள் கழிகின்றன.

அவ்வாறு நின்ற வண்டியை மீண்டும் ஓட்ட முனைபவர் முதலில் கற்கும் பாடம் பொறுமை. 1964இன் இறுதியில் வெளிவந்த மேசி பெர்குசன் 135 போன்ற ஒரு டீசல் வண்டியை எடுத்துக்கொள்வோம். நிமிர்ந்து நிற்கும் புகைபோக்கி வழியே மழைநீர் இறங்கும். வண்டி நின்ற வேளையில் எந்தச் சிலிண்டரின் வால்வு திறந்திருந்ததோ, அதனுள் நீர் புகும். பிஸ்டன் துருவேறிச் சுவரோடு இறுகிவிடும். அவசரக்காரர் வேறொரு வண்டியிற் கட்டி இழுத்துக் கிளப்ப முயல்வார். பிஸ்டன் வளையம் உடையும், தண்டு வளையும். அனுபவமுடையவரோ டீசல் தெளிப்பான்களைக் கழற்றி, அத்துளை வழியே எண்ணெயூற்றிப் பல நாள் ஊறவிடுவார். பின்னர்க் கையாலேயே சிறிது முன்னும் சிறிது பின்னுமாகத் திருப்பிப் பார்ப்பார். கெட்டுப்போன டீசலை வடித்து, வடிகட்டியை மாற்றி, குழாயிற் புகுந்த காற்றை வெளியேற்றி, பிரேக்கையும் சோதித்த பிறகே கிளப்புவார்.

இத்தனை பாட்டையும் எது தவிர்த்திருக்கும்? புகைபோக்கியின் வாயில் கவிழ்த்த ஒரு தகரக்குவளை. உள்ளே ஈரம் படியாதவாறு நிரப்பி வைத்த டீசல் தொட்டி. மாதமொருமுறை இயந்திரம் சூடேறும் வரை ஓடவிடும் அரைமணி நேரம். இவை உழைப்பல்ல, கவனிப்பு. இவ்வளவு செய்திருந்தால், வண்டி பல்லாண்டு வேலையின்றி நின்றும் பெரிதாகக் கெட்டிராது. ஆகவே, அதைக் கெடுத்தது ஓய்வன்று, கைவிடல்.

இரும்புக்கு நன்றி பாராட்ட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். இரும்பு நன்றியை அறியாது என்பது உண்மையே. ஆனால் ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டிய கைகள், வேலை முடிந்ததும் அதே வண்டியைப் புதரில் தள்ளுமாயின், நாம் வணங்கியது கருவியையா, அது ஈட்டித் தந்த காசையா? பயன் உள்ளவரை காட்டும் மரியாதை கணக்கைச் சேர்ந்தது. பயன் நின்றபின் எஞ்சுவதே நன்றி. எல்லாப் பழைய வண்டிகளையும் ஓட்டியே ஆகவேண்டும் என்பதும் இதன் பொருளன்று. மீட்க இயலாததைப் பிரித்து, அதன் உறுப்புகளால் இன்னொன்றை ஓடச்செய்வதும் அறமே.

அந்தப் பழைய அறிவுரை மனிதரிடத்தே வரும்போதுதான் தீங்காகிறது. வாழ்நாளெல்லாம் மரம் சீவி, குலை வெட்டி, பின்னர் லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த முதியவர் ஒடுங்கிப்போனால், "சும்மா இருந்ததால் தளர்ந்துவிட்டார்" என்கிறோம். பழியை அவருடைய ஓய்வின்மீது சுமத்திவிட்டு நாம் தப்பிக்கொள்கிறோம். ஓய்வு அவர் ஈட்டிய உரிமை. அவருக்குக் கிடைக்காமற் போனது வேலையன்று. கதவைத் தட்டி நலம் கேட்கும் ஒரு குரல்.

துருவைக் கண்டு முகஞ்சுளிக்குமுன், அந்தக் கொட்டகைப் பக்கம் நாம் கடைசியாகச் சென்றது எப்போது என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.