இடையில் விலகியோர் கணக்கில் இல்லையா?

சலரோகம் புகாத வீட்டை எம்மவர் மத்தியில் காண்பது அரிது. இப்போது மாத்திரையோடு கைத்தொலைபேசிச் செயலியும் வந்துவிட்டது. இரத்தத்தில் சீனியின் அளவு, உண்ட உணவு, நடந்த தூரம் யாவற்றையும் அது பதிந்து வைக்கின்றது. பாவித்தவர்களுக்குச் சீனி குறைந்தது என்று சொல்லும்போது, யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள் என்று நாம் கேட்கவேண்டும்.

நூறு பேரிடம் செயலியைக் கொடுத்து, அறுபது பேர் கைவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய நாற்பது பேரின் முன்னேற்றத்தை மட்டும் எழுதுவது இலகு. ஆனால் அவர்களிற் பலர் செயலி இல்லாமலே உடலைக் கவனிக்கக் கூடியவர்கள். அறவிட முடியாக் கடனை மறைத்து இலாபம் காட்டும் ஐந்தொகையில் கணக்காளர்களாகிய நாம் கையெழுத்திடுவதில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 நிலையங்களில் 1983 முதல் 1993 வரை நடந்த ஆய்வு நல்ல உதாரணம். முதலாம் வகைச் சலரோகம் உள்ள 1441 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழமையான சிகிச்சை, மற்றதற்குக் கடுமையான கட்டுப்பாடு. ஒருவர் எந்தப் பிரிவில் இடப்பட்டாரோ, சிகிச்சையிலிருந்து வழுவினாலும் அதே பிரிவிலேயே எண்ணப்பட்டார். 99 வீதமானோர் இறுதிவரை நின்றனர். கட்டுப்பாடு கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் காக்கும் என்ற அதன் முடிவை உலகம் ஏற்றது.

இணையவழிச் சுகாதார ஆய்வுகளிலோ பலர் விலகிவிடுவதே வழமை. யார், ஏன் விலகினர் என்பதையே ஆராயவேண்டும் என்று 2005இல் குந்தர் ஐசன்பாக் என்ற ஆய்வாளர் எழுதினார்.

விலகுவது அவரவர் உரிமைதானே என்று சிலர் கேட்கலாம். உண்மை, எவரையும் கட்டிவைக்க முடியாது. ஆயினும் விலகியவர் யார்? ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மம்மாவாக இருக்கலாம். இரண்டு வேலை செய்து களைத்த தகப்பனாக இருக்கலாம். அவர்களைக் கணக்கிலிருந்து வெட்டிவிட்டால், அடுத்த செயலியும் அவர்களுக்கு உதவாததாகவே வரும். பதிவேட்டில் பெயர் இல்லாமற் போவதன் பொருளை அகதிகளாக வந்த எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே ஆய்வுக்கு அழைத்தால் இயன்றவரை சேருவோம். விலக நேர்ந்தால் காரணத்தைச் சொல்லி விலகுவோம். எவராவது ஒரு செயலியைப் புகழ்ந்தால், எத்தனை பேருடன் தொடங்கினீர்கள், எத்தனை பேருடன் முடித்தீர்கள் என்று கேட்போம்.