லூசியின் இனம்

முதுகு வளைந்து, இடுப்பெலும்பு இறுகி, ஆங்காங்கே ரோமம் உதிர்ந்த நிலையில் 2013-இல் வேல்ஸில் ஒரு நாய்க்குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்டது லூசி. கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இனத்துப் பெண் நாய். நெருக்கடியான கூண்டில் அடைத்து அடுத்தடுத்துக் குட்டி போட வைத்ததன் விளைவு அது. 2016-இல் இறந்தது.

அதன் பெயரால் அறியப்படும் சட்டம் இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆறு மாதம் நிரம்பாத நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளைக் கடைக்காரரும் தரகரும் விற்கக் கூடாது. வாங்குபவர் குட்டி பிறந்த இடத்துக்கே போய்த் தாயோடு பார்த்து வாங்க வேண்டும். தாயைக் காட்ட முடியாதவரின் வியாபாரம் படுத்துவிடும் என்பது கணக்கு. வேறொரு பெண் நாயைத் தாயென்று காட்டிச் சமாளிக்கும் கெட்டிக்காரர்களும் உண்டுதான்.

தாயைப் பார்த்தால் கூண்டின் கொடுமை தெரியும். மண்டையோட்டுக்குள் இருப்பது தெரியுமா?

லூசியின் இனத்துக்கு மூளையைக் கொள்ளும் அளவுக்கு மண்டையோட்டில் இடம் போதாது. மூளையின் பின்பகுதி கீழே பிதுங்குகிறது. தண்டுவடத்துக்குள் நீர் கோக்கிறது. நடந்து கொண்டிருக்கும் நாய் சட்டென்று நின்று, தோளில் கால் படாமலே காற்றில் பிறாண்டும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், அது நரம்பு வலி. இதய வால்வு நோயும் இந்த இனத்தில் சகஜம். இவ்வளவும் கூண்டையே அறியாமல், சோபாவில் செல்லமாக வளரும் நாய்க்கும் வரும்.

நார்வேயில் விலங்கு நல அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது பண்ணை முதலாளிகள் மீதல்ல, நாயை நேசிக்கும் பதிவு பெற்ற பிரீடர்கள் மீதும் அவர்களுடைய சங்கங்கள் மீதும். 2022-இல் ஓஸ்லோ நீதிமன்றம் கேவலியர், இங்கிலீஷ் புல்டாக் இரண்டின் இனப்பெருக்கமும் சட்டவிரோதம் என்றது. மேல்முறையீட்டில் புல்டாக் தப்பியது. கேவலியருக்கான தடையை 2023-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வளர்ப்பதற்குத் தடையில்லை.

பிறக்காமலே போவதைவிட நோயோடாவது வாழட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி கனமானதுதான். ஆனால் பிறவாத குட்டி எதையும் இழப்பதில்லை. பிறந்த குட்டிக்கு வலிக்கிறது. தவிரவும், வேறு இனத்தோடு இணை சேர்த்து நலமான குட்டிகளைப் பெறும் வழியை ஓஸ்லோ தீர்ப்பு திறந்தே வைத்திருந்தது. அதை மறுப்பவர் காப்பாற்ற நினைப்பது நாயையல்ல, அதன் முகவெட்டை.

இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் லூசியின் கூண்டை மனத்தில் வைத்து எழுதியவை போலத்தான் இருக்கின்றன: 18 மாதத்துக்கு முன் இணை சேர்க்கக் கூடாது, ஆயுளில் ஐந்து முறைக்கு மேல் குட்டி கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட கொள்கை இன்னொரு படி போய், இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாத வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டது. சைபீரியன் ஹஸ்கியும் பக்கும் அதில் உண்டு. சொன்ன காரணம் தட்பவெப்பம்.

ஹஸ்கிக்கு அது பொருந்தும். பக் நாய்க்குச் சென்னை வெயில் கூடுதல் தண்டனை மட்டுமே. நசுங்கிய மூக்கோடு அது ஓஸ்லோவிலும் மூச்சுக்குத் திணறும். மூக்கு நீண்ட நாயோடு இணை சேர்த்தால் குட்டிக்கு மூச்சு சீராகலாம், ஆனால் ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தில் பார்த்து மயங்கிய முகம் கிடைக்காது. அந்தக் குட்டிக்கும் பக்குக்குக் கொடுக்கும் விலையைக் கொடுக்க ஆள் இருக்கிறார்களா என்பது விதிகளில் எழுத முடியாத விஷயம்.