ஆசிரியத் தொழிலும் அராகமும்

ஒருவன் தான் செய்யும் தொழிலின்கண் விழைவுடையனாதல் நன்றோ, அன்றி அவ்விழைவும் பாசத்தின்பாற் பட்டமையிற் களையற்பாலதோ என்னும் வினா, சித்தாந்தம் பயில்வார் பலர்க்கும் ஒரோவழி நிகழ்வதேயாம். ஏனைத் தொழில்களினும் ஆசிரியத் தொழிலின்கண் இவ்வினா வலிவுற்று எழும். கற்பிப்பான் ஒருவன் தான் கற்பிக்கும் நூன்மீதும் மாணாக்கர்மீதும் உள்ளம் வையானாயின், அவன் கற்பித்தல் ஓசை மாத்திரையாய் ஒழியும். வைத்தானாயின், அவ்வுள்ளமே அவனைப் பிணிக்கும் என்பர். இதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றாம்.

யாம் உறையும் நாட்றாம்பாளையம், அஞ்செட்டிக்கும் ஒகேனக்கலுக்கும் இடையே மலைசார்ந்து கிடக்கும் சிற்றூர். கன்னட நாட்டெல்லை அணித்தாகலின் தமிழொடு கன்னடமும் தெலுங்கும் இப்பக்கத்தில் வழங்கும். இங்குள்ள இளைஞர் பலர் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் வேலை நாடிச் செல்கின்றனர். அவருள் ஆசிரியப் பயிற்சி பெற்றாரும் உளர். அன்னோர்க்கு இக்காலத்தார் கூறும் அறிவுரை, "முதற்கண் உன் மனம் எதனை விரும்புகின்றது எனத் தேடு, பின்னர் அத்தொழிலிற் புகு" என்பதாம். கேட்டற்கு இனிய இவ்வுரையை நம்பி, ஒன்றினும் நிலையாது, விருப்பம் தானே வந்து தோன்றுமெனக் காத்திருந்து ஆண்டு பல கழித்தாரை யாம் கண்டுளேம். இவ்வுரை முறைபிறழ்ந்தது என்பது எம் துணிபு.

என்னை? அசுத்தமாயையினின்று காலமும் நியதியும் கலையும் தோன்றும் என்றும், கலையினின்று வித்தையும், வித்தையினின்று அராகமும் தோன்றும் என்றும் நம் நூல்கள் முறை வகுத்தன. கலை ஆன்மாவின் கிரியையை மறைத்த ஆணவத்தைச் சிறிதே நீக்கி அதனை எழுப்பும். வித்தை ஞானத்தை எழுப்பும். அராகம் இச்சையை எழுப்பும். இவ்வைப்புமுறையைத் தத்துவக் கட்டளையாக மனனம் செய்து ஒப்பிப்பார் பலர். தம் வாழ்வொடு பொருத்திக் காண்பார் சிலரே. செயல் முன்னர் அசைகின்றது. அச்செயலிடத்து அறிவு விளங்குகின்றது. விளங்கிய பொருண்மேல் விழைவு பிறக்கின்றது. அறியாத பொருளை விழைந்தார் உளரெனின், அவர் விழைந்தது அப்பொருளையன்று, அதன் பெயரையும் புகழையுமே என்க.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போதல் வேண்டா. திருவாவடுதுறை ஆதீனத்திற் பயின்ற உ. வே. சாமிநாதையரவர்கள் 1880-ஆம் ஆண்டிற் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார்கள். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் அவர்களைக் கண்டு, சீவகசிந்தாமணி பயின்றதுண்டோ என வினவினார். ஐயரவர்கள் அதுகாறும் அந்நூலைப் பயின்றாரல்லர். அந்தாதியும் கலம்பகமும் புராணமுமாகத் தாம் கற்ற பலவற்றை எடுத்துரைத்தும் முதலியார் வியந்தாரல்லர். பின்னர் ஐயரவர்கள் ஏடு பார்த்தும், விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சைனரிடம் கேட்டுத் தெளிந்தும் அந்நூலைப் பயின்றார்கள். 1887-இல் அதனை அச்சேற்றினார்கள். அதன்மேற் சங்க நூல்களின்கண் அவர்கட்கு உண்டாகிய விழைவு 1942-இல் உயிர் நீங்குமளவும் குன்றவில்லை. அவ்விழைவு முன்னரே நெஞ்சில் இருந்து வழிகாட்டியதன்று, கற்குந்தோறும் கிளைத்தது. சைவ மடத்துப் பயிற்சியுடையார் ஒருவர் சைன காவியத்தின்பால் அத்துணை ஈடுபட்டமை சிலர்க்கு வியப்பாகலாம். பவணந்தியார் சைனராயினும் அவர் செய்த நன்னூலை நம் மடங்கள் போற்றிப் பயிற்றியதையும், அதன் உரையைச் சிவஞான முனிவரே திருத்தியதையும் நினைவார் வியவார்.

அற்றேல், அராகம் மாயையின் காரியமாகலின் விடற்பாலதன்றோ எனின், அறியாது கூறினாய். மாயை விளக்குப்போல்வது, ஞாயிறு எழுந்துழி விளக்கு வேண்டப்படாது என்பது கொண்டு, இரவில் விளக்கை அவித்தல் அறிவுடைமையாகாது. ஆசிரியனைக் கெடுப்பது அராகமன்று, அதனொடு விரவும் ஆணவமே. மெய்கண்டாரிடம் வந்து ஆணவத்தின் இயல்பு யாதென வினவிய சகலாகம பண்டிதர்க்கு, அவர் நின்ற நிலையையே சுட்டிக் காட்டினார் என்னும் வரலாறு யாவரும் அறிந்தது. அப்பண்டிதரே பின்னர் அருணந்தி சிவமாயினார். அவர்க்குக் கல்வியிற் குறைவில்லை. கல்வி தமது என்னும் எண்ணமே குறையாய் நின்றது.

இவ்விரண்டையும் பிரித்து அறிதற்கு ஓர் உரைகல் உண்டு. தான் கற்பிக்கும் பொருளை இன்னாரிடமும் கற்கலாம் என்று மனம் உவந்து ஒருவன் இருப்பானாயின், அவனிடத்துள்ளது அராகமே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) திரிசிரபுரத்தில் இளமையில் வாழ்ந்த நாளில், தெருத்தெருவாய்ப் பிச்சையேற்று வந்த பரதேசி ஒருவர் தண்டியலங்காரம் வல்லார் என அறிந்து, அவர் செல்லும் தெருக்களிற் பின்சென்று அதனைப் பாடங்கேட்டார்கள். கற்பித்தற்கண்ணும் அவ்வாறே. வேதநாயகம் பிள்ளை, சவராயலு நாயகர் முதலிய கிறித்தவரும், நாகூர்க் குலாம் காதிறு நாவலரும், அந்தணரும் வேளாளரும் அவர்களை அடுத்துப் பயின்றனர். பருத்திக் குண்டிகை போலும் ஆசிரியரை நன்னூலார் இகழ்வர். பிள்ளையவர்கள் அதற்கு முற்றும் மறுதலையாயினார்.

ஆயினும் ஒன்று கூறாது விடுதல் முறையன்று. பிள்ளையவர்கள் மாணாக்கர்க்கு உணவும் இடமும் தந்து கற்பித்தமையால், பொருண்முட்டும் கடனும் அவர்களை நீங்கவில்லை. இதனைக் காட்டி, "கற்பித்தலில் அன்புடையார்க்குப் பொருள் எற்றுக்கு?" என்பார் இன்றும் உளர். ஆசிரியன் விழைவைக் கூலியாகக் கணக்கிட்டு, அவனுக்குக் கொடுக்கற்பாலதைக் குறைக்கும் இவ்வழக்கம் எம் பக்கத்துச் சிறு பள்ளிகளில் மிகுதி. ஓசூர்த் தொழிற்சாலை தரும் ஊதியத்திற் பாதியும் பெறாமையால் நல்லாசிரியர் சிலர் கற்பித்தலை விட்டு ஆலைக்குச் சென்றதை யாம் அறிவேம். அவரை விழைவற்றவர் எனப் பழித்தல் தகாது. பிள்ளையவர்களும் ஆதீன வித்துவானாய் அமர்ந்து, திருவாவடுதுறைச் சுப்பிரமணிய தேசிகரவர்கள் ஆதரவு வாய்த்தமையாலன்றோ, பாடஞ் சொல்லுதலையே வாழ்வாகக் கொண்டு இறுதிநாள்காறும் நிற்றல் கூடிற்று? இந்நாளில் தேவார பாடசாலைகளையும் சித்தாந்த வகுப்புக்களையும் நடத்தும் மடங்கள், ஆங்குக் கற்பிப்பார்க்குத் திங்கள்தோறும் அளிப்பது யாது, அவர் குடும்பத்திற்கு அது போதுமோ என்பவற்றை ஒருமுறை கணக்கெடுத்துப் பார்த்தல் நலம்.